63 யூனிட் இருக்கு, டிகிரி இல்லைங்கறாங்க: கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜ் அசோசியேட் டிகிரி குழப்பம்

மில்பிடாஸ் மீனா · மார்ச் 10, 2026, இரவு 10:42

எல்லாருக்கும் வணக்கம். பையன் கம்யூனிட்டி காலேஜ்ல, அதான் ரெண்டு வருஷக் காலேஜ்ல, பிசினஸ் படிக்கிறான். 2023 ஃபால் செமஸ்டர்ல (ஆகஸ்ட்-டிசம்பர்) சேர்ந்தான். நடுவுல எங்க மாமனாருக்கு உடம்பு முடியாம மதுரைக்குப் போனதுல 2024 ஃபாலும் 2025 ஸ்பிரிங்கும் (ஜனவரி-மே) போயிடுச்சு. போன ஃபால்ல திரும்ப சேர்ந்தான். இந்த ஸ்பிரிங் முடிஞ்சா மொத்தம் 63 யூனிட் (கிரெடிட்).

ரெண்டு வருஷப் படிப்புக்குக் குடுக்கற அசோசியேட் டிகிரிக்கு 60 போதும்னுதான் இத்தனை நாளா நினைச்சிட்டிருந்தோம். நேத்து அவன் லாகின்ல, டிகிரிக்கு எது முடிஞ்சது எது பாக்கின்னு காட்டற டிகிரி ஆடிட்டைத் திறந்து பார்த்தேன். ரெண்டு இடத்துல சிவப்பு. ஒண்ணு ஓரல் கம்யூனிகேஷன் (ஸ்பீச் கிளாஸ்னு சொல்லுவாங்க), இன்னொண்ணு எத்னிக் ஸ்டடீஸ் (அமெரிக்காவுல இருக்கற இனச் சமூகங்களைப் பத்தின பாடம்). 63 வாங்கியும் எப்படி டிகிரி இல்லைங்கறாங்க? கவுன்சிலர் அப்பாயின்ட்மென்ட் ரெண்டு வாரம் கழிச்சுதான் கிடைக்குமாம். மீதிப் படிப்பை யுனிவர்சிட்டியில முடிக்க டிரான்ஸ்ஃபர் கேட்டு ஃபால் 2026-க்கு சான் ஹோசே ஸ்டேட்டும் (சிஎஸ்யூ, அதாவது கலிஃபோர்னியா ஸ்டேட் யுனிவர்சிட்டி) யூசி டேவிஸும் (யூசி, அதாவது யுனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா) அப்ளை பண்ணியிருக்கான். பயமா இருக்கு. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

ரயிலடி · மார்ச் 10, இரவு 11:15

மேடம், முதல்ல தண்ணி குடிங்க. 60 யூனிட்ங்கிறது பஸ் டிக்கெட் மாதிரி. ஏறினது சரி, எந்த ஊருக்கு ஏறினாங்கறதுதான் கேள்வி.

---

சங்கர்_சான்ட்டாகிளாரா · மார்ச் 11, காலை 7:03

டிரான்ஸ்ஃபர் ஆகப்போற பையனுக்கு அசோசியேட் டிகிரி எதுக்குங்க? யூசி அதைக் கேக்கறதே இல்லை. என் பொண்ணு வாங்காமலே போனா, இப்போ ஜூனியர், மூணாவது வருஷம். ஒரு காகிதத்துக்காக ரெண்டு கோர்ஸ் எக்ஸ்ட்ரா எடுக்காதீங்க.

---

கணக்கு வாத்தியார் · மார்ச் 11, காலை 9:40

ஒரு கம்யூனிட்டி காலேஜில் பகுதி நேரமாகக் கணக்கு எடுக்கிறேன். கவுன்சிலர் இல்லை. ஆனால் ஒவ்வொரு ஸ்பிரிங்கிலும் இதே கேள்வியோடு நாலு பிள்ளைகள் என் வகுப்பு வாசலில் நிற்பார்கள், அந்தப் பழக்கத்தில் எழுதுகிறேன்.

கலிஃபோர்னியாவின் 116 கம்யூனிட்டி காலேஜுக்கும் அடிப்படை விதி ஒன்றுதான். மொத்தம் 60 செமஸ்டர் யூனிட். அதில் மேஜர், அதாவது முதன்மைப் பாடங்களில் குறைந்தது 18. பொதுப்பாடங்கள், அதாவது ஜெனரல் எஜுகேஷன், தனி. குறைந்தது 12 யூனிட் டிகிரி தரும் அந்தக் கல்லூரியிலேயே படித்திருக்க வேண்டும். மொத்த ஜிபிஏ, அதாவது கிரேடு சராசரி, குறைந்தது 2.0. மேஜர் பாடம் ஒவ்வொன்றிலும் சி அல்லது அதற்கு மேல். டி வாங்கிய பாடம் யூனிட் கணக்கில் ஏறும், மேஜர் கணக்கில் ஏறாது. பிள்ளைகள் வழுக்குவது இங்கேதான்.

பொதுப்பாடம் என்பது ஏழெட்டு டப்பா என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு டப்பாவிலும் ஒரு கோர்ஸாவது விழ வேண்டும். ஒரே டப்பாவில் நாலு போட்டால் யூனிட் ஏறும், மற்ற டப்பா காலியாகவே இருக்கும். உங்கள் பையன் 63 வாங்கிவிட்டான், இரண்டு டப்பா காலி. அவ்வளவுதான் விஷயம்.

ஒரு கேள்வி. அந்த ஆடிட்டின் மேலே எந்த வருடத்துக் கேட்டலாக், அதாவது கல்லூரியின் பாட விதிப் புத்தகம், என்று போட்டிருக்கிறது?

---

மில்பிடாஸ் மீனா · மார்ச் 11, மதியம் 12:20

ரொம்ப நன்றி சார். 2025-26னு போட்டிருக்கு. அதுல என்ன இருக்கு?

---

கணக்கு வாத்தியார் · மார்ச் 11, மாலை 6:55

அதில்தான் பாதி கதை இருக்கிறது.

சேர்ந்த வருடத்தில் இருந்த விதிப்படியே முடிக்கலாம் என்பது மாணவரின் உரிமை. கேட்டலாக் ரைட்ஸ் என்பார்கள். தொடர்ந்து படித்துக்கொண்டிருந்தால்தான் அது நிற்கும். எத்தனை செமஸ்டர் விட்டால் அறுந்துபோகும் என்பதைக் கல்லூரிகள் தங்கள் கேட்டலாகிலேயே எழுதியிருக்கும். சில இடங்களில் காலண்டர் வருடத்துக்கு ஒரு செமஸ்டராவது படித்திருந்தால் போதும். உங்கள் பையன் 2024 ஸ்பிரிங்கில் படித்தான், 2025 ஃபாலில் படித்தான். அந்த விதிப்படி எந்த வருடமும் காலியாகப் போகவில்லை. திரும்பச் சேர்ந்ததும் சிஸ்டம் தானாகப் புதுக் கேட்டலாகில் தூக்கிப் போட்டிருக்கலாம்.

இது ஏன் முக்கியம்? 2025 ஃபாலிலிருந்து விதிகள் மாறின. அதுவரை யூசி பக்கம் போகிறவர்களுக்கு ஐகெட்சி என்ற பொதுப்பாடப் பட்டியல், சிஎஸ்யூ பக்கம் போகிறவர்களுக்கு வேறு பட்டியல், கல்லூரியின் சொந்த டிகிரிக்கு இன்னொரு பட்டியல். இப்போது இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து கால்-கெட்சி என்று ஒரே பட்டியல். 11 கோர்ஸ், ஒரு லேப், மொத்தம் 34 யூனிட். அதில் ஓரல் கம்யூனிகேஷன் எல்லோருக்கும் கட்டாயம். கல்லூரியின் சொந்த டிகிரிக்கான பட்டியலும் அதே சாயலில் 21 யூனிட்டாக மாறிவிட்டது. பழைய முறையில் கல்லூரியின் சொந்த டிகிரிக்கு ஓரல் கம்யூனிகேஷன் இடத்தை ஸ்டாடிஸ்டிக்ஸ் போன்ற பாடத்தாலும் நிரப்பலாம்.

அட்மிஷன்ஸ் அலுவலகத்துக்கு ஒரு மெயில் போடச் சொல்லுங்கள். கேட்டலாக் வருடத்தை 2023-24 ஆக மாற்றித் தரும்படி கேட்க வேண்டும். பையனே தன் கல்லூரி மெயிலிலிருந்து அனுப்ப வேண்டும், நீங்கள் இல்லை. பையனின் சம்மதம் இல்லாமல் கல்லூரிகள் பொதுவாகப் பெற்றோருக்குப் பதில் சொல்லாது.

---

தேன்மொழி · மார்ச் 11, இரவு 9:30

நடுவுல ஒரு சின்ன கேள்வி, தப்பா எடுத்துக்காதீங்க. நான் திருச்சியில பி.எஸ்சி முடிச்சவ. இங்க வந்து பத்து வருஷம் ஆச்சு. சின்னப் பிள்ளைங்க ஸ்கூல்ல டீச்சரா போகணும்னு ஆசை. அதுக்கு அசோசியேட் டிகிரி முழுசா படிக்கணுமா? 60 யூனிட்னா எனக்கு மூச்சு வாங்குது.

---

ரயிலடி · மார்ச் 11, இரவு 10:05

தேன்மொழி அக்கா, என் வீட்டம்மா போன ரூட் சொல்றேன். டிகிரியைப் பத்தி இப்போ நினைக்கவே வேண்டாம். சைல்ட் டெவலப்மென்ட் பர்மிட்னு ஸ்டேட் ஒண்ணு தருது. அசோசியேட் டீச்சர் பர்மிட்டுக்கு 12 யூனிட் ஏர்லி சைல்ட்ஹுட் பாடம், அதாவது நாலு கோர்ஸ், அதோட கொஞ்சம் வேலை அனுபவம். அடுத்த படி டீச்சர் பர்மிட். அதுக்கு 24 யூனிட்டும் 16 யூனிட் பொதுப்பாடமும். நாலு கோர்ஸ் முடிச்சதுமே வேலைக்குப் போயிட்டா. மிச்சத்தை சாயங்கால கிளாஸ்ல முடிச்சா. கலிஃபோர்னியா ரெசிடென்டா இருந்தா யூனிட்டுக்கு 46 டாலர்தான். நாலு கோர்ஸ் 552 டாலர், புக்கு தனி.

நம்ம ஊர் பி.எஸ்சி மார்க் ஷீட்டை இவாலுவேஷன் (இங்கத்து படிப்புக்கு எவ்வளவு சமம்னு மதிப்பிடறது) பண்ணிக் குடுத்தா எந்த அளவுக்கு எடுத்துப்பாங்கறது காலேஜுக்குக் காலேஜ் மாறும். முதல்ல கேட்டுட்டு அப்புறம் காசு கட்டுங்க. ஒரு இடத்துல எங்ககிட்ட மொதல்ல இவாலுவேஷன் பண்ணிட்டு வாங்கன்னு சொல்லி, பணம் கட்டின பிறகு அதை எடுத்துக்க மாட்டோம்னுட்டாங்க. அந்தக் கோபம் இன்னும் ஆறலை.

---

தேன்மொழி · மார்ச் 11, இரவு 10:21

அண்ணா, நாலு கோர்ஸ்னா நாளைக்கே சேருவேன். அண்ணிக்கு என் நன்றி.

---

சங்கர்_சான்ட்டாகிளாரா · மார்ச் 12, காலை 7:30

நான் சொன்னதையேதான் திரும்பச் சொல்றேன். அந்தம்மாவுக்கும் டிகிரி வேண்டாம், மீனா மேடம் பையனுக்கும் டிகிரி வேண்டாம். யாருக்குத்தான் வேணும் இந்த அசோசியேட் டிகிரி?

---

டீக்கடை பெஞ்ச் · மார்ச் 12, காலை 8:12

எனக்கு வேணும் சார். நான் டிரான்ஸ்ஃபர் ஆகிப் போய் ஒரே வருஷத்துல அப்பா தவறிட்டாங்க. படிப்பை நிறுத்தி வேலை தேடினப்போ ரெஸ்யூமேல எழுத என்கிட்ட இருந்தது அந்த அசோசியேட் டிகிரி ஒண்ணுதான். அது இல்லாத என் ஃப்ரெண்டு நாலு வருஷம் படிச்சும் இன்னும் ஹைஸ்கூல் டிப்ளமான்னுதான் ஃபார்ம்ல டிக் அடிக்கிறான். இப்போ நான் திரும்பப் படிக்கிறேன், அது வேற விஷயம்.

---

சங்கர்_சான்ட்டாகிளாரா · மார்ச் 12, காலை 8:40

தம்பி, மன்னிச்சுக்க. நான் அந்தக் கோணத்துல யோசிக்கலை.

---

கணக்கு வாத்தியார் · மார்ச் 12, மாலை 5:10

சங்கர் சார் சொன்னதில் ஒரு உண்மை உண்டு. யூசிக்கு டிகிரி தேவையில்லை. ஆனால் அசோசியேட் டிகிரியே இரண்டு வகை. ஒன்று கல்லூரியின் சொந்த ஏஏ (கலை) அல்லது ஏஎஸ் (அறிவியல்). இன்னொன்று பெயருக்குப் பின்னால் 'டி' சேர்ந்தது, டிரான்ஸ்ஃபருக்கான அசோசியேட் டிகிரி. 2010-ல் வந்த சட்டம். அதை முடித்தால் சிஎஸ்யூ அமைப்பில் ஏதாவது ஒரு வளாகத்தில் இடம் உறுதி, அங்கே மீதி 60 யூனிட்டுக்குள் முடிக்கலாம். கேட்ட வளாகம், கேட்ட மேஜர் என்ற உறுதி இல்லை. அதை ஊரில் பலர் 'சான் ஹோசே ஸ்டேட் கேரண்டி' என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்கள்.

பெயர்கள் ஒரே மாதிரி இருப்பதால் பிள்ளைகள் ஏஎஸ் பட்டியலைப் பார்த்துப் படித்துவிட்டு ஏஎஸ்-டி என்று விண்ணப்பத்தில் டிக் அடித்துவிடுவார்கள். மீனா மேடம், உங்கள் பையன் டிக் அடித்தானா?

---

மில்பிடாஸ் மீனா · மார்ச் 13, இரவு 9:15

இல்லை சார், அடிக்கலை. நல்லவேளை.

மெயில் அனுப்பினான். இன்னைக்குப் பதில் வந்துச்சு. இவங்க காலேஜ்லயும் காலண்டர் வருஷத்துக்கு ஒரு செமஸ்டர்ங்கற விதிதான். 2023-24 கேட்டலாகுக்கு மாத்திட்டாங்க! ஆடிட்ல ஓரல் கம்யூனிகேஷன் சிவப்பு போயிடுச்சு. எத்னிக் ஸ்டடீஸ் மட்டும் நிக்குது. அதை சம்மர்ல எடுத்துட்டா டிகிரி வந்துடும். அப்போ ஸ்பீச் கிளாஸ் தேவையில்லைதானே? கேட்டதும் பையன் சிரிச்ச சிரிப்பைப் பார்க்கணும்.

---

கணக்கு வாத்தியார் · மார்ச் 13, இரவு 9:58

மேடம், சிரிப்பை நிறுத்தச் சொல்லுங்கள்.

டிகிரிக்கு ஸ்பீச் வேண்டாம். யூசி டேவிஸுக்கும், பழைய ஐகெட்சி உரிமையில் போனால் வேண்டாம். சான் ஹோசே ஸ்டேட் சிஎஸ்யூ. அங்கே நாலு பாடங்கள் இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள். ஆங்கிலக் கட்டுரை, கிரிட்டிகல் திங்கிங், கணக்கு, ஓரல் கம்யூனிகேஷன். கோல்டன் ஃபோர் என்று பெயர். ஃபாலில் சேர வேண்டுமென்றால் அதற்கு முந்தைய ஸ்பிரிங்குக்குள் முடிந்திருக்க வேண்டும். சம்மரில் எடுக்கலாம் என்று நம்பி இருக்கக் கூடாது.

அவன் நவம்பரில் விண்ணப்பித்தபோது இந்த ஸ்பிரிங்கில் ஸ்பீச் எடுப்பதாக எழுதியிருப்பானே? இல்லாவிட்டால் அப்போதே தகுதி இல்லை என்று வந்திருக்குமே.

---

மில்பிடாஸ் மீனா · மார்ச் 14, காலை 6:20

சார், ராத்திரி தூக்கமே இல்லை. நீங்க சொன்னது சரி. எழுதியிருக்கான். ஜனவரில சேர்ந்தும் இருக்கான். முதல் நாள் கிளாஸ்ல ஒவ்வொருத்தரா எழுந்து ரெண்டு நிமிஷம் தன்னைப் பத்திப் பேசணும்னு சொன்னாங்களாம். இவன் முறை வர்றதுக்குள்ள பாத்ரூம் போறேன்னு வெளியே வந்தவன் அப்படியே பார்க்கிங் லாட்டுக்குப் போய் ஃபோன்லயே டிராப் பண்ணிட்டான். எங்ககிட்ட மூச்சு விடலை. சின்னதுலேர்ந்தே திக்கும். தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவுல கூட திருக்குறள் சொல்ல மேடை ஏறினவன் இறங்கி ஓடி வந்துட்டான். அவனைத் திட்டவும் மனசு வரலை.

---

ரயிலடி · மார்ச் 14, காலை 7:45

திட்டாதீங்க மேடம். நான் பாளையங்கோட்டையில காலேஜ் படிச்சப்போ அரியர் விழுந்தா போர்டுல நம்பர் போட்டு ஒட்டுவாங்க. ஊருக்கே தெரியும். எந்தப் பேப்பர் நிக்குதுன்னு பெட்டிக்கடைக்காரர் வரைக்கும் சொல்லுவார். அங்க சிலபஸ் யுனிவர்சிட்டி கையில. படிச்சா போதும். இங்க சிலபஸே பிள்ளை கையில. எதை எடுக்கணும், எதை விடணும், எந்த வரிசையில எடுக்கணும்னு பத்தொன்பது வயசுப் பையன் முடிவு பண்ணணும். நாம மொத்தம் எத்தனைன்னு மட்டும் கேட்டுட்டுத் தூங்கிடறோம்.

---

டீக்கடை பெஞ்ச் · மார்ச் 14, காலை 9:02

அக்கா, லேட் ஸ்டார்ட் கிளாஸ் இருக்கான்னு பாருங்க. நிறைய காலேஜ்ல செமஸ்டர் நடுவுல ஆரம்பிச்சு எட்டே வாரத்துல முடியற செக்‌ஷன் இருக்கும். மார்ச் கடைசியில தொடங்கி மே முடிவுக்குள்ள கிரேடு வந்துடும். அது ஸ்பிரிங் கணக்குதான். அவர் காலேஜ்ல இல்லைன்னா பக்கத்து காலேஜ்ல எடுத்து டிரான்ஸ்கிரிப்ட் அனுப்பலாம்.

நானும் ஸ்பீச் ஆன்லைன்லதான் எடுத்தேன். ஆனா தப்பிச்சிட்டோம்னு நினைக்காதீங்க. என் புரொஃபசர் வீடியோல அஞ்சு பெரியவங்க உட்கார்ந்து கேக்கறது தெரியணும்னு சொல்லிட்டாங்க. எங்க அபார்ட்மென்ட் மேனேஜரைக் கூப்பிட்டு உட்கார வெச்சேன்.

---

கணக்கு வாத்தியார் · மார்ச் 14, மதியம் 1:30

தம்பி சொன்னதுதான் வழி. ஓரல் கம்யூனிகேஷன் டப்பாவில் பப்ளிக் ஸ்பீக்கிங் மட்டும் இல்லை, பல கல்லூரிகளில் குழு விவாதம் பற்றிய பாடமும் அதே டப்பாவில் இருக்கும். மேடையில் தனியாக நிற்பதைவிட நாலு பேரோடு மேசையில் உட்கார்ந்து பேசுவது சில பிள்ளைகளுக்குச் சுலபம். எந்தக் கோர்ஸ் எந்த டப்பாவில் விழும் என்பதை அசிஸ்ட் தளத்தில் கல்லூரி பெயரைப் போட்டுப் பாருங்கள், வாய்வழிச் செய்தியை நம்பாதீர்கள், என்னுடையதையும் சேர்த்து. திக்குகிற பிள்ளைக்கு, மாற்றுத்திறன் மாணவர் சேவை அலுவலகத்தில் பதிந்தால் பேச்சுக்குக் கூடுதல் நேரம் போன்ற சலுகை கேட்கலாம். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

இன்னொன்று. அவன் கோர்ஸ் லிஸ்டை, பெயர் எடுத்துவிட்டு, இங்கே போடுங்கள். யூசி கணக்கில் எனக்கு ஒரு சந்தேகம்.

---

மில்பிடாஸ் மீனா · மார்ச் 14, மாலை 4:05

எல்லாத்தையும் டைப் பண்ண முடியலை, சந்தேகமானதை மட்டும் போடறேன். பேட்மின்டன், நீச்சல் எல்லாம் சேர்த்து 5 யூனிட். எக்ஸெல் மாதிரி ஆபீஸ் சாஃப்ட்வேர் கோர்ஸ் 3 யூனிட். மீதி எல்லாம் அக்கவுன்டிங், எகனாமிக்ஸ், கால்குலஸ், இங்கிலீஷ், வரலாறு, பயாலஜி இப்படி. எல்லாத்துலயும் சி-க்கு மேலதான்.

---

கணக்கு வாத்தியார் · மார்ச் 14, மாலை 5:20

பயந்தது சரிதான். யூசி உடற்பயிற்சிப் பாடங்களுக்கு அதிகபட்சம் 4 செமஸ்டர் யூனிட்தான் தரும். 5-ல் 1 போச்சு. ஆபீஸ் சாஃப்ட்வேர் கோர்ஸ் பல கல்லூரிகளில் சிஎஸ்யூவுக்கு மட்டும்தான் போகும், யூசிக்குப் போகாது. அசிஸ்டில் சரிபாருங்கள். போகாது என்றால் இன்னொரு 3 போச்சு. 63-ல் 4 கழித்தால் 59. யூசிக்கு மாற்றத்தக்க யூனிட் 60 வேண்டும்.

பதறாதீர்கள். ஸ்பீச் 3 யூனிட், யூசிக்கும் போகிற கோர்ஸாகப் பார்த்து எடுத்தால் 62. சான் ஹோசேக்குத் தேவையான டப்பாவும் அதிலேயே நிரம்பும். ஓடி வந்த அந்த ஒரு கோர்ஸ்தான் இரண்டு கதவுக்கும் சாவி. எத்னிக் ஸ்டடீஸை சம்மரில் எடுக்கட்டும். அதற்குமுன் யூசிக்கு ஐகெட்சியை ஒரு கோர்ஸ் குறைவோடு பகுதிச் சான்றிதழாக வாங்க முடியுமா என்று கவுன்சிலரிடம் கேளுங்கள். டிராப் செய்ததை இரண்டு இடத்துக்கும் இப்போதே தெரிவிக்க வேண்டும். மறைத்தால் அட்மிஷன் கொடுத்த பிறகு திரும்பப் பெறுவார்கள்.

---

சங்கர்_சான்ட்டாகிளாரா · மார்ச் 14, இரவு 8:00

எத்னிக் ஸ்டடீஸ்ல ஒரு எச்சரிக்கை. என் அக்கா பையன் உலக மதங்கள்னு ஒரு கோர்ஸ் எடுத்துட்டு, இந்து மதம் வருதே, எத்னிக்தானேன்னு நினைச்சான். ஏறலை. அமெரிக்காவுக்குள்ள இருக்கற நாலு சமூகங்களைப் பத்தினதா இருக்கணும். பூர்வகுடிகள், கறுப்பினத்தவர், ஆசிய அமெரிக்கர், லத்தீன் அமெரிக்கர். ஏஷியன் அமெரிக்கன் ஸ்டடீஸ் எடுத்தா நம்ம கதையும் வரும். பகத் சிங் தின்ட் குடியுரிமை வழக்குல 1923-ல சுப்ரீம் கோர்ட் என்ன சொல்லுச்சு, 1956-ல தலீப் சிங் சௌந்த் இதே கலிஃபோர்னியாவுலேர்ந்து காங்கிரஸுக்கு எப்படி ஜெயிச்சார்... என் பொண்ணு படிச்சிட்டு சாப்பாட்டு மேசையில எனக்குப் பாடம் எடுத்தா. இங்க இருபது வருஷமா இருக்கேன், எனக்கு ஒண்ணும் தெரியலை.

---

தேன்மொழி · மார்ச் 15, காலை 10:10

சங்கர் அண்ணா டிகிரி வேண்டாம்னு ஆரம்பிச்சு இப்போ சிலபஸே சொல்றாரு.

---

குவார்ட்டர்_குழப்பம் · மார்ச் 16, காலை 11:44

இடையில வர்றேன். எங்க பொண்ணு டி ஆன்சா காலேஜ்ல படிக்கிறா. அங்க 90 யூனிட்டுங்கறாங்க. உங்க எல்லாருக்கும் 60. எங்களை ஏமாத்தறாங்களா?

---

ரயிலடி · மார்ச் 16, மதியம் 12:02

இல்லைங்க, அங்க வருஷத்தை குவார்ட்டரா பிரிச்சிருக்காங்க. ஒரு செமஸ்டர் யூனிட் ஒண்ணரை குவார்ட்டர் யூனிட். 60ஐ ஒண்ணரையால பெருக்கினா 90. மேஜர் 18ங்கறது 27 ஆகும். படிப்பு அதேதான். கிலோவை பவுண்டுல சொன்ன மாதிரி.

---

மில்பிடாஸ் மீனா · மார்ச் 24, இரவு 9:37

பதினாலாம் தேதிக்கப்புறம் எழுத முடியலை, மன்னிக்கணும்.

பக்கத்து ஊர் காலேஜ்ல எட்டு வார ஆன்லைன் ஸ்பீச் கிளாஸ் கிடைச்சுது. வெயிட்லிஸ்ட்ல மூணாவது. ரெண்டு பேர் விலகினாங்க, புரொஃபசருக்கு இவனே மெயில் எழுதி திக்கற விஷயத்தையும் சொன்னான். கிளாஸ்ல சேர அனுமதிக்கற ஆட் கோடு அனுப்பிட்டாங்க. 138 டாலர் கட்டியாச்சு. அசிஸ்ட்ல பார்த்தோம், எக்ஸெல் கோர்ஸ் யூசிக்குப் போகாது, வாத்தியார் சார் கணக்கு அப்படியே சரி. ஸ்பீச் போகும். சான் ஹோசேக்கும் டேவிஸுக்கும் மாற்றத்தைத் தெரிவிச்சாச்சு.

கவுன்சிலரையும் நேத்து பார்த்துட்டோம். பகுதிச் சான்றிதழ் விஷயத்தை எழுதிக்கிட்டாங்க. நான் கேக்காததை ஒண்ணு சொன்னாங்க: எல்லா டப்பாவும் நிரம்பினாலும் டிகிரி தானா வந்து விழாதாம். பெட்டிஷன்னு ஒரு ஃபார்ம் போட்டாதான் பார்ப்பாங்களாம், அதுக்குக் கடைசித் தேதி உண்டாம். யாருமே இதை எங்ககிட்ட சொன்னதில்லை. சம்மருக்குச் சேர்த்துப் போட்டுட்டு வந்தோம்.

முதல் பேச்சு வர்ற ஞாயித்துக்கிழமை ரெக்கார்ட் பண்ணணும். ஏதாவது ஒண்ணை செஞ்சு காட்டிப் பேசற மாதிரி, அஞ்சு நிமிஷம். இவன் ஃபில்டர் காபி போடறது எப்படின்னு எடுத்திருக்கான். கையில வேலை இருந்தா திக்கு கம்மியாகுதாம், அவனே கண்டுபிடிச்சான். மூணு நாளா சமையலறையில டபராவும் டம்ளருமா நின்னு ஃபில்டர்கிட்ட இங்கிலீஷ்ல பேசிட்டிருக்கான். இந்தப் புரொஃபசரும் அஞ்சு பெரியவங்க வேணுங்கறாங்க. நான், வீட்டுக்காரர், கீழ் வீட்டு மாமி. ரெண்டு பேர் குறையுது. மில்பிடாஸ் பக்கம் யாராவது இருக்கீங்களா?

---

ரயிலடி · மார்ச் 24, இரவு 9:41

நானும் வீட்டம்மாவும் வர்றோம். ஃப்ரீமான்ட்லேர்ந்து பதினஞ்சு நிமிஷம். டிகிரி காபிதானே?

---

மில்பிடாஸ் மீனா · மார்ச் 24, இரவு 9:44

அதேதான் அண்ணா. சிக்கரி கலந்தது. நாலு மணிக்கு வந்துடுங்க, ரெண்டு மூணு டேக் ஆகும்.